தேதித்தாளுக்கு அடியில்

டிசம்பர் 14, ஞாயிறு இரவு

என் அறைக் காலண்டரில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாளே, அவளுடைய அசல் ஓவியம் மட்டாஞ்சேரி மியூசியத்துக்கு வந்திருக்கிறது என்றார்கள். வரைந்தவர் பெரிய ஆளாம். லீவுதானே என்று போனேன்.

வருடம் முழுக்க வேலை முடிந்து வந்ததும் நான் பேசுவது அவளிடம்தான். அவளும் என்னைப்போல ஒண்டிக்கட்டை என்று நினைத்திருந்தேன். அசலில் அவள் மடியில் ஒரு குழந்தை தூங்குகிறது. காலண்டர்க்காரன் சரியாக அந்த இடத்தில் தேதித்தாள் கட்டை ஒட்டியிருக்கிறான்.

அங்கேயே நின்றுவிட்டேன். மலையாளிக் காவலாளி வந்து, "அண்ணாச்சி, அடைக்கற நேரமாயி. கூட ஆரும் வந்தில்லே?" என்றார். இல்லை என்றேன்.

அறைக்கு வந்ததும் அந்தக் கட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் வெறும் அட்டை. ஆனாலும் இன்று அவளிடம் ஒன்றும் பேசவில்லை. பிள்ளை முழித்துக்கொள்ளும்.