தாருஸ்ஸலாமிலிருந்து வந்த உறை

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

தபால்தலை மன்றத்தின் புதிய செயலாளர் யஹ்யா. மேலப்பாளையத்து ஜவுளிக்கடைக்காரர், சேர்க்கத் தொடங்கி நாலே வருடம். இருபத்திரண்டு வருடமாக அங்கே வரும் ஒவ்வொரு தபால்தலையையும் இது அசல், இது போலி என்று பார்த்துச் சொல்பவன் நான். கை தூக்கச் சொன்னபோது எனக்கு மூன்று கை. அதில் ஒன்று என்னுடையது.

வெளியே வரும்போது மன்றத்துப் பழைய ஆள் பெருமாள்ராஜ், "என்ன வே கிருபை, நாற்காலி மேலப்பாளையத்துக்குப் போயிட்டே?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்?

11 பிப்ரவரி

மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் யஹ்யாவின் படம் வந்திருந்தது. என் மனைவி ஹெப்சிபா பார்த்துவிட்டு, "நல்ல மனுஷர் மாதிரி இருக்காரு" என்றாள். என்னைப் பார்த்து அவள் அப்படிச் சொல்லி எத்தனை வருடம்?

23 பிப்ரவரி

மாலை யஹ்யா வீட்டுக்கு வந்தார், ஓர் உறையோடு.

ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா, இன்றைய தான்சானியா. ஜெர்மன் பேரரசர் கைசரின் உல்லாசக் கப்பல் படம் போட்ட தபால்தலை வரிசை என்னிடம் முழுதாக இருக்கிறது, பசைகூடக் கலையாமல். ஆனால் அவை தபாலில் போகாதவை, யாரும் வாங்கிவிடலாம். அந்த நாட்டிலிருந்து உண்மையாகவே பயணப்பட்டு வந்த ஓர் உறையை முப்பது வருடமாகத் தேடுகிறேன்.

இது அது. அந்நாட்டுக் காசில் பதினைந்து ஹெல்லர், நீலத் தபால்தலை. முத்திரை பாதி தபால்தலைமேல், பாதி உறைமேல். வட்டம் எங்கும் முறியவில்லை. தாருஸ்ஸலாம், 1911. பின்புறம் திருநெல்வேலியில் வந்து சேர்ந்த முத்திரை. மை காகிதத்துக்குள் இறங்கி நூறு வருடம் ஆகியிருக்கிறது. லென்ஸே தேவையில்லை.

"உம்மா பெட்டியில கெடந்திச்சு சார். அசலா?"

கெடந்திச்சாம்! நான் முப்பது வருடம் நாயாய் அலைய, இவனுக்குப் பெட்டியில கெடக்கு.

"போலி," என்றேன். "முத்திரை ரெண்டும் பிற்பாடு குத்தினது."

அவர் முகம் வாடிவிட்டது. "நீங்க சொன்னா சரிதான் சார்." ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டிருந்தால் —

24 பிப்ரவரி

போலியானால் எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று யஹ்யா சொல்வார் என எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன்.

8 மார்ச்

யஹ்யா மறுபடி வந்தார். நோன்பு; ஹெப்சிபா கொண்டுவந்த காப்பியை வேண்டாம் என்றார். எங்களுக்கும் லெந்து நாட்கள்தான், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்.

உறையையும் ஒரு பேனாவையும் என் முன்னால் வைத்தார். "மன்ற விதிப்படி பின்னால 'போலி'ன்னு மையால எழுதணும்லா சார். ஒங்க கையெழுத்துல இருந்தா நாளைக்கு ஒருத்தரும் ஏமாற மாட்டாவ."

அந்த விதியைக் கொண்டுவந்தவனே நான்.

பேச்சை வளர்க்க, "உம்மா என்ன சொன்னாவ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. உம்மாவின் பாட்டனார் அசன் முகம்மது ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. கொழும்பைத் தாண்டவே இல்லை, அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று மூன்று தலைமுறையாகச் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்களாம். கடிதம் கரையானுக்குப் போய்விட்டது. உறை ஒன்றுதான் சாட்சி.

"அதுவும் பொய்யின்னதும் உம்மா பேச்சையே விட்டுட்டாவ சார். சார் சொன்னா மாத்தம் கெடையாதுன்னு நான்தான் சொன்னேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். பேனாவை எடுத்தேன். 'போலி. கிருபைராஜ், 8.3.2025.'

9 மார்ச்

கூட்டத்துக்குப் போகவில்லை.

16 மார்ச்

யஹ்யாவின் உம்மா ஆபிதா பீவி ஆட்டோவில் வந்தார்கள், உறையோடு. எண்பது வயது. மகனிடம் சொல்லாமல் வந்தார்களாம்.

"நீங்க படிச்ச மனுஷர். பாட்டனாரு எங்க பாட்டிய ஏமாத்தணும்னா கொழும்புலேருந்து ஒரு கடுதாசி போட்டாப் போதாதா? கப்பல் படம் போட்ட ஸ்டாம்ப தேடிப் புடிச்சு, ரெண்டு ஊரு சீலு குத்தி — எவன் இவ்வளவு மெனக்கெடுவான், சொல்லுங்க."

லென்ஸை வைத்துப் பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்தேன். "தப்பாச் சொல்லிட்டேம்மா. ஆப்பிரிக்காவுலேருந்து வந்ததுதான்."

அந்த அம்மா அழவில்லை. "அப்ப அதையும் எழுதுங்க. பெரிசா."

எழுதினேன்: 'மேலே கண்டது என் தவறு. உறை அசல்.' தவறு என்று எழுதினேன். சரியான சொல் எனக்குத் தெரியாதா என்ன?

13 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

கூட்டத்தில் உறையைச் சுற்றி ஒரே கும்பல். யஹ்யா அதைத் திருப்பி என் இரண்டு எழுத்தையும் அவரே காட்டினார். "சாருக்குக் கண்ணு கொஞ்சம் மங்கிட்டு. வயசான காலத்துல தப்ப ஒத்துக்கிட்டாவ பாருங்க, அதான் பெரிய மனுஷத்தனம்!"

கை தட்டினார்கள். ஐம்பத்துநாலில் எனக்கு வயசான காலமாம். பெருமாள்ராஜ் ஒரு இலங்கைத் தபால்தலையோடு என்னைத் தாண்டிப் போய் யஹ்யாவிடம் நீட்டினான்.

20 ஏப்ரல், ஈஸ்டர்

யஹ்யா ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டிருந்தார். உள்ளே விளக்கு வைத்த புது லென்ஸ். "மனுஷர் தங்கம்லா," என்றாள் ஹெப்சிபா, "கண்ணுக்கு எதமா இருக்கும்."

என் பதினைந்து ஹெல்லர் தபால்தலையை அதன் கீழே வைத்தேன். கொடிமரம், கயிறு, அலையின் ஒவ்வொரு கோடும் தெரிகிறது.

பிறகு பழைய லென்ஸை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இதே அளவுதான் தெரிகிறது.