ரஃபி பின்னால் நின்றான்

செவ்வாய்க்கிழமை

ஏழு மாதத்துக்குப் பிறகு இன்று ஜிம்முக்குப் போனேன். தசை கிழிந்த தோள் ஆறுவதற்குள் மஞ்சள் காமாலை வேறு வந்து, உடம்பு பாதியாகிவிட்டது. திருமுல்லைவாயில் ஸ்டேஷனிலிருந்து நடந்ததற்கே மூச்சு வாங்கியது.

பெஞ்சில் படுத்துக்கொண்டு, பின்னால் நின்று எடைக் கம்பியைப் பிடிக்கச் சொல்லி, எப்போதும் கூட இருக்கும் ரஃபியைக் கூப்பிட்டேன். அவன் வரவில்லை.

"வேற யாரையாச்சும் கூப்ட்டுக்க மச்சான். நான் லேட்டா புடிச்சுதான் உன் தோள் போச்சுன்னு இன்னும் பேசிக்கினு கீறானுங்க."

அப்படிச் சொல்லிவைத்தவன் நான்தான். தோள் போன அன்று அவன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது, கம்பியில் பக்கத்துக்கு ஐந்து கிலோ கூடுதலாக மாட்டினேன். அவனிடம் சொல்லவில்லை. இன்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்," என்றான். "உன்னை ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனப்புறம் வெய்ட்டைக் கழட்டி வெச்சதே நான்தான்."

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

பிறகு வந்து பின்னால் நின்றான். வெறும் கம்பியை எட்டு முறை தூக்கினேன். தோள் இப்போது லேசாக வலிக்கிறது.

அவனிடம் மட்டும் சொன்னது போதாது. நாளை ஆறு மணிக்கு எல்லோரும் இருப்பார்கள். அப்போது போகிறேன்.