செயின் இல்லாத சைக்கிளும் என் சுங்குடிச் சேலையும்

ஃபிரிஸ்கோ
ஜூன் 12

அன்புள்ள வெண்பா கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. மில்பிடாஸில் நீ சுகமா, காலையில் ஏதாவது சாப்பிடுகிறாயா, காபியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதே. முழங்கால் சங்கதியை வீடியோ காலில் சொன்னால் சிரித்தே கட் பண்ணிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். ஜூலை நாலாம் தேதி நம் குடியிருப்பின் அமெரிக்கச் சுதந்திர தின ஊர்வலத்தில் சேலை கட்டி சைக்கிள் ஓட்டுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தேன் அல்லவா, போன சனிக்கிழமை அப்பா சைக்கிளை எடுத்து ஒத்திகை பார்த்தேன். முந்தானை சிக்கி, பாதிச் சேலை சைக்கிளோடு போக, மீதி மானத்தோடு பக்கத்து வீட்டுப் புல்லில் கிடந்தேன். வாக்கிங் வந்த எதிர்வீட்டுச் சண்முகப்ரியாவின் மாமியார் கையைக் கொடுப்பதற்கு முன் போனில் படம் எடுத்துவிட்டார், நான் எழுந்து நிற்பதற்குள் வாட்ஸ்அப் குரூப்பில் பதினோரு பேர் விசாரித்துவிட்டார்கள். அப்பாவோ சேலையைப் பிடுங்கிக்கொண்டே, செயின்ல சிக்கிருச்சு, ஒண்ணு சேலைய விடு, இல்ல சைக்கிள விடு என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டையும் விடமாட்டேன் என்று படுத்தபடியே சொன்னேன்.

பக்கத்து ஊர் ஆலனில் பழைய சைக்கிள் சேர்க்கிற, டென்னிஸ் என்கிற நம்ம தமிழ்த் தம்பி இருக்கிறானே, அப்பாவையும் இழுத்துக்கொண்டு அவனிடம் போனேன். செயினே இல்லாத ஒன்று இருக்குதுக்கா என்று ஒரு லேடீஸ் சைக்கிளைக் காட்டினான். நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். பெடலிலிருந்து பின்சக்கரம் வரை ஒரு குழாய், உள்ளே சுழலும் தண்டு, இரண்டு முனையிலும் பல்சக்கரம், அவ்வளவுதான். செய்தவர் நியூ ஜெர்சியில் பூட்டுக்கடை வைத்திருந்த ஹோரஸ் பிம் என்பவராம். அவர் பெண்டாட்டி ஞாயிறுதோறும் சைக்கிளில் சர்ச்சுக்குப் போக, செயின் பாவாடையைக் கடித்துக்கொண்டே இருந்ததாம். ஊரார் பாவாடை நீளத்தைக் குறை என்றார்களாம், அந்த மனுஷன் செயினை ஒழித்தார். முதல் தண்டு உடைந்தது, இரண்டாவது அவரையே சாக்கடையில் தள்ளியது, மூன்றாவது ஓடியது. செயின் சைக்கிள் மலிவாகி இவர் வியாபாரம் படுத்தபோதும், பூட்டு செய்யத் திரும்பினாரே தவிர ஒரு செயின் சைக்கிளைத் தொடவில்லையாம். அதைக் கேட்டதும் உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

சைக்கிளை வாங்கி வந்துவிட்டேன், இரவல்தான். கீழ போட்டா பல்லு போயிரும்க்கா, சைக்கிளுக்குச் சொன்னேன் என்றான் டென்னிஸ். தினமும் பள்ளிக்கூடப் பார்க்கிங்கில் ஓட்டுகிறேன், நேற்று வளைவுகூடத் திரும்பிவிட்டேன், பயிற்சிக்கு மட்டும் சுடிதார். ஊர்வலத்தன்று சேலைதான், மழை பெய்தாலும், உன் அப்பா தலைகீழாக நின்றாலும். மூன்றாம் தேதிக்கு ஃபிளைட் புக் பண்ணு, கூட்டத்தில் உன் முகம் தெரிந்தால் எனக்குத் தைரியம். நீ நினைத்ததெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. காலையில் சாப்பிடு.

உன் அம்மா,
வசந்தாமணி

பி.கு. கிழிந்த சுங்குடியைத் தைக்கலாமென்று இப்போதுதான் விரித்தேன். கிரீஸ் கறை ஒரு பொட்டுகூட இல்லை. அன்றைக்குச் சிக்கியது செயினில் இல்லை கண்ணு, பின்சக்கரக் கம்பியில். டென்னிஸ் சைக்கிளுக்கும் பின்சக்கரம் இருக்கிறது.