கைப்பிடியில் உள்ள பள்ளம்

18 மார்ச்

மகனுக்கு,

இங்கே இருவரும் நலம், என் முகம் நீங்கலாக. உன் நலத்தை நீயே தினம் படம் போட்டு உலகுக்குத் தெரிவிப்பதால் விசாரிக்கவில்லை. என் புகார்கள்:

1. மார்ச் 2: விடுமுறை முடிந்து புறப்படுகையில், குளியலறை அலமாரியிலிருந்த என் ரேசரைக் கேளாமல் எடுத்துச் சென்றாய். பதிலுக்குப் புதிதாக ஒன்றை வைத்தாய்.

2. மார்ச் 9: சவரப் பிரியர்களின் இணையக் குழுவில் அதன் படத்தைப் போட்டாய். அடியில் பொறித்த குறி நீ பிறந்த ஆண்டைக் காட்டுவதால் அது உன் 'பர்த் இயர் ரேசர்' ஆம். அந்த ஆண்டில் அதை வாங்கியவன் நான். பிறந்தது மட்டுமே உன் பங்கு.

3. அதே பதிவில் என் கழுத்தின் படம். சவரத்துக்குப் பின் அரும்பும் ரத்தப் புள்ளிகள் உங்கள் பாஷையில் 'வீப்பர்ஸ்'. "அப்பாவுக்கு இத்தனை வருஷமா டெக்னிக்கே வரல" என்றெழுதி நாற்பத்தொரு பேரைச் சிரிக்க வைத்தாய்.

4. மார்ச் 14: கைப்பிடியின் பள்ளத்தை அடைத்து முலாம் பூசக் கொடுக்கப்போவதாக அறிவித்தாய். அதன்பின் அது சவரம் செய்யாதாம், கண்ணாடிப் பெட்டியில் 'ராணி'யாக வீற்றிருக்குமாம்.

உன் தங்கை காட்டித்தான் இதெல்லாம் தெரிந்தது. மூன்று நாள் உட்கார்ந்து உங்கள் குழு முழுவதையும் படித்தேன், என் ஆய்வுப் பட்டத்துக்குக்கூட இவ்வளவு குறிப்பெடுத்ததில்லை. மென்மையான ரேசரை 'மைல்ட்' என்றும் தோலைப் பதம் பார்ப்பதை 'அக்ரெசிவ்' என்றும் வகை பிரிக்கத் தெரிந்த நீ, எனக்கு வைத்துவிட்டுப் போனது இரண்டாவது வகை. அந்தப் பள்ளம் கீழே விழுந்து உண்டானதல்ல. பதினான்கு மாதங்களாக என் வலக்கை நடுங்குகிறது, எனக்குச் சவரம் செய்துவிடுவது உன் அம்மா, அவள் கட்டைவிரல் வழுக்காதிருக்க இடக்கையால் இரண்டு நாள் அரம் போட்டு நான் அராவியது அது. நீ இங்கிருந்த பத்து நாளும், நீ எழும் முன்பே கதவைச் சாத்திக்கொண்டு முடித்துவிடுவோம். நாற்பத்தொரு பேர் சிரித்தது அவள் கைவேலையைப் பார்த்து. நான் சொல்ல இதை எழுதிக்கொண்டிருப்பவளும் அவளே. இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, "பிள்ளைக்குக் கடிதாசியா இது, வக்கீல் நோட்டீஸா? இதெல்லாம் அவனுக்கு வேணாம், விடுங்க" என்றாள். எழுது என்றேன்.

உன்னிடம் மறைத்தது என் பிழைதான். ஆனால் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். உன் புது ரேசர் முதல் நாளே என் தாடையைக் கிழித்தது. அதைக் கழுவி வைத்த உன் அம்மா பிறகு எந்த ரேசரையும் தொடவில்லை. மின்சார ரேசர் வாங்கித் தருவதாக உன் தங்கை சொன்னாள், மறுத்துவிட்டேன். கல்லூரியில் சக ஆசிரியர் ஒருவர், "சாமியாராப் போறதா உத்தேசமா சார்?" என்று கேட்டார். என் ரேசர் வரும்வரை உத்தேசம் அதுவே என்றேன்.

முலாம் பூசாமல், பள்ளத்தோடு அனுப்பி வை. குழுவிலிருந்து என் கழுத்தை எடு. உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, எங்கள் ஆசி எப்போதும் உண்டு; இவற்றுக்கு நிபந்தனை கிடையாது. மற்றவற்றுக்கு மார்ச் 31 மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலமாகப் பதில் வர வேண்டும். தொலைபேசியில் அழைத்தால் நானும் எடுக்க மாட்டேன், உன் அம்மாவும் எடுக்க மாட்டாள். இதற்கு அவள் தலையசைக்கவில்லை என்பதையும் எழுதுவேன் என்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா
(கோணலாக இருக்கும் இந்தக் கையெழுத்து மட்டும் நான் போட்டது.)