ஒரே பானைக் கஞ்சி

நாள் 41, காலை 7:10
பதிவு: மருத்துவர் கிரேஸ் பொன்மணி, செவ்வாய் நிலையம்.

ஆறு பேரும் நலம். இங்கே நம் எடை பாதிகூட இல்லை, தசை கரைகிறது. அதைத் தடுக்கும் என்று ஒரு கம்பெனி ‘தசைமித்ரா’ பவுடர் அனுப்பியிருக்கிறது. டப்பாவில் கொட்டை எழுத்தில் ‘விஞ்ஞானப்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது’. அந்த ஆய்வைத் தேடிப் படித்தேன். பன்னிரண்டு பையன்கள், மூன்று வாரம். பவுடர் குடிக்காத ஒருவர்கூட ஒப்பிட இல்லை. நல்ல ஆய்வு போங்கள்!

நானே சோதிக்கிறேன். மூன்று பேருக்குப் பவுடர், மூன்று பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்பது கணினிக்கு மட்டும் தெரியும். தனியாகக் குடித்தால் குமட்டுகிறது என்று எல்லோரும் முகம் சுளித்தார்கள். அதனால் பெயர் ஒட்டிய ஆறு டப்பாக்களையும் சமையல் பார்க்கும் சுடலையிடம் கொடுத்து, அவரவர் காலைக் கஞ்சியில் கலக்கச் சொன்னேன்.

எனக்கும் அவசரம் உண்டு. பூமியிலிருந்து மகளின் செய்தி: “அம்மா, ஜெனிலா பேசுதேன். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல எல்லாரும் தசைமித்ரா குடிக்காங்க. கோச் சார் என்னையும் குடிங்காரு. நீ சொல்லு, குடிக்கட்டா?” பொறு, பார்த்துச் சொல்கிறேன் என்று பதில் அனுப்பினேன்.

நாள் 102, மாலை 4:30
துளைக்கருவி ஓட்டும் மீரானுக்கு ஏணி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. பொறியாளர் தேவகிக்கும் அப்படியே. நேற்றிலிருந்து எனக்கும். பவுடர்தானோ என்று கணினியைத் திறந்து பார்த்தேன். மீரான் பவுடர்க் குழு. தேவகியும் நானும் மாவுக் குழு. அப்பாடா! இந்தக் கிரகத்தின் எடைக்குறைவுதான் காரணம்.

நாள் 131, காலை 9:00
இடைக்கால அறிக்கையைப் பூமிக்கு அனுப்பினேன், கம்பெனிக்கும் ஒரு நகல். பயன் இல்லை: இரு குழுவுக்கும் தசை ஒரே அளவு கரைந்திருக்கிறது. தீங்கும் இல்லை: படபடப்பு இரு குழுவிலும் உண்டு. ஜெனிலாவுக்குத் தனியாகச் சொன்னேன்: “ஏட்டி, அதுல ஒரு பிரயோசனமும் இல்ல. கெடுதலும் இல்ல. கோச் சார் ரொம்பக் கட்டாயப்படுத்துனா குடிச்சுக்கோ.”

நாள் 139, காலை 8:15
கம்பெனி விளம்பரம் வந்து சேர்ந்தது: ‘செவ்வாயிலும் நிரூபிக்கப்பட்டது, முற்றிலும் தீங்கற்றது!’ பயன் இல்லை என்ற பாதியை அப்படியே விழுங்கிவிட்டார்கள்.

நாள் 158, பகல் 12:40
பூமிக்கும் நமக்கும் நடுவே சூரியன் வருகிறது. இன்றிலிருந்து இரண்டு வாரம் எந்தச் செய்தியும் போகாது, வராது. கடைசியாக வந்தது இது:

“அம்மா! ஓட்டத்துல ஜில்லாவுல நான்தான் ஃபர்ஸ்ட்டு! நீ சொன்ன பெறவு தைரியமா ரெண்டு ஸ்பூன் போட்டுக் குடிக்கேன். மாடிப்படி ஏறுனாத்தான் நெஞ்சு படபடங்குது. போட்டி பயம்னு கோச் சார் சொல்லுதாரு. பன்னெண்டு நாள்ல ஸ்டேட் மீட்டும்மா. நீ...” அதற்குமேல் இரைச்சல்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். பிறகு உறைத்தது. அவள் இருப்பது பூமியில். அங்கே எடை குறையவில்லை.

அடுக்களைக்கு ஓடினேன். கஞ்சியில் எப்படிக் கலக்குகிறீர்கள் என்று சுடலையைக் கேட்டேன்.

“ஆறு டப்பாவையும் ஒரே பானையில போட்டுக் கிண்டிருவேன் டாக்டரம்மா. ஒரே பந்தியில ஒக்காந்திருக்கவுகளுக்கு ஆளுக்கொரு மாதிரி எப்படி வெளம்புறது? ஒருத்தருக்குக் கெடைச்சு இன்னொருத்தருக்கு இல்லன்னா பாவம்லா?”

பவுடரை இனிப் போட வேண்டாம் என்றேன். ஏன் தனித்தனி என்று நான் அவருக்குச் சொல்லவே இல்லை. பன்னிரண்டு பேரை வைத்துச் செய்தவர்களைக் கேலி செய்தேன். என்னிடம் ஆறு பேர். ஒப்பிட எனக்கும் ஆள் இல்லை.

பூமியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். இரைச்சல்தான்.

நாள் 161, காலை 6:50
மீரான் இறந்துவிட்டார். ஏணியில்கூட ஏறவில்லை, பூட்ஸ் மாட்டக் குனிந்தார், அவ்வளவுதான். சுடலை பானையைக் கழுவிக்கொண்டே அழுகிறார். “வெறுங்கஞ்சிதான் டாக்டரம்மா, குடிங்க,” என்கிறார்.

நாள் 167, மாலை 5:20
பவுடரை நிறுத்திய பிறகு தேவகியின் நாடி சீராகி வருகிறது. மற்றவர்களுக்கும் தேறுகிறது. நிறுத்தினால் பிழைக்கலாம். ஓடாமல் படுத்திருந்தால் பிழைக்கலாம். இதை ஒரே ஒரு பிள்ளையிடம் சொல்ல வேண்டும், கர்த்தாவே, ஒரே ஒரு வாக்கியம்.

எனக்குத் தேறவில்லை. நாடி இன்னும் தப்பித் தப்பி அடிக்கிறது.

நாள் 170
இன்று அவள் ஓட்டம்.

நாள் 172, காலை 10:02
இதைக் கண்டெடுப்பவர் யாரானாலும்: என் அறிக்கை தவறு. பவுடர் தீங்கற்றது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதைச் சொன்னவள் நான்.

தொடர்பு திரும்பிவிட்டது. உடனே அனுப்பினேன்: ஜெனி, பவுடரைக் கொட்டிவிடு, ஓடாதே, படுத்துக்கொள். அது பூமிக்குப் போய்ச் சேர இருபத்தோரு நிமிடம் ஆகும்.

எனக்கும் ஒரு செய்தி வந்து காத்திருக்கிறது. ஜெனிலா அனுப்பியது இல்லை. ஹாஸ்டல் வார்டன் அனுப்பியது. என் பெயருக்கு முன்னால் ‘அவசரம்’.

திறக்கவில்லை. என் செய்தி போய்ச் சேரட்டும், பிறகு திறக்கிறேன். அதுவரை என் பிள்ளை ஓடிக்கொண்டிருக்கிறாள். இன்னும் பதினெட்டு நிமிடம். சுடலை கஞ்சியோடு வாசலில் நிற்கிறார், உள்ளே வர வேண்டாம் என்று அவரிடம்...