படகு கக்கூஸில் கிடைத்த கயிறு

மாமா,

சிதம்பரத்தில் பி.எட். வகுப்பு. சாயங்காலம் வந்துவிடுவேன். நம் சவாரிப் படகின் சாவி ஆணியில் மாட்டியிருக்கிறது.

நேற்று உங்கள் அக்கா முன்னால், "படகு கக்கூஸ் சும்மாவா அடைக்கும்? பொம்பளைங்கதான் எதையாவது போட்டிருப்பீங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். இன்று காலையில் நீங்கள் தூங்கும்போது படகுக்குப் போய்க் கக்கூஸ் பம்பைக் கழற்றினேன்.

வால்வில் சுற்றிக் கிடந்தது உங்கள் பழைய அரைஞாண் கயிறு, வெள்ளித் தாயத்தோடு. புதுக் கயிறு கட்ட மறைவு வேண்டும், சரி. பழையதைத் தண்ணீரில்தான் விட வேண்டும், அதுவும் சரி. சுற்றிலும் உப்பனாறு ஓடும்போது உங்களுக்குக் கக்கூஸ் தண்ணீர்தான் கிடைத்ததா?

அடைப்பு எடுக்க அதன் மேல் ஒரு பாட்டில் ஆசிட் வேறு ஊற்றினீர்கள். ரப்பர் வால்வு கெட்டுப்போகும் என்றேன். "பி.எஸ்சி. படிச்சிட்டு கக்கூஸுக்குப் பாடம் எடுக்காத" என்றீர்கள். கெட்டுவிட்டது. புது வால்வு மாட்டும்வரை ஞாயிற்றுக்கிழமை சவாரி கிடையாது.

கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சோறு வடித்தேன். பயப்படாமல் சாப்பிடுங்கள்.

அக்கா மத்தியானம் வருகிறார்கள். கயிற்றை அலசி, அவர்கள் கண்ணில் படும்படி மேஜையில் வைத்திருக்கிறேன். எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள். நீங்களே சொல்லுங்கள்.

இளமதி

புதுக் கயிறு இடுப்பில் தடம் போட்டிருக்கிறது. கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்கள்.

இன்னொன்று. அக்கா வருவதற்குள் பழையதை ஒளிக்கத் தோன்றினால், இந்த முறையாவது வேறு இடம் பாருங்கள்.