அக்கா, நம் அபிக்கு ஏழரை கிடைத்துவிட்டது

என் பிரியமான மல்லிகா அக்கா,

இந்தச் சேதியை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல முடியவில்லையே என்ற ஒரு குறைதான் எனக்கு. உங்கள் மகள் அபிநயா பாஸாகிவிட்டாள். வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்குப் போக எழுதுகிற ஆங்கிலத் தேர்வில், மூன்றாவது முறை, ஒன்பதுக்கு ஏழாவது வேண்டும் என்கிற எல்லாப் பிரிவிலும் தேறிவிட்டாள். நேற்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சங்கராபுரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் எப்படி இருப்பேன்?

முதல் முறை அவள் தவறியது பேச்சில்தான், ஞாபகம் இருக்கிறதா? வீட்டில் ஆங்கிலத்தில் பேசிப் பழக ஆள் இல்லை என்று அழுதாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போய், பேருந்து நிலையம் பக்கத்து மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் நம் இருவர் பெயரையும் கொடுத்தீர்கள். "நம்ம ரெண்டு பேரும் கத்துக்கினா, அதுகிட்ட பேச ரெண்டு ஆளு ஆச்சு வளரு" என்றீர்கள். காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவே, அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்ட நாம் இரண்டு பேர், நாற்பதைத் தாண்டியவர்கள், முன்வரிசையில்.

சந்தோஷத்தையும் படபடப்பையும் சொல்லும் மரபுத் தொடர்கள் என்று சார் ஒரு தாள் கொடுத்தாரே, அன்றுதான் உங்களுக்கு ஆங்கிலமே பிடித்துப்போனது. ரொம்ப சந்தோஷம் என்றால் ஆங்கிலத்தில் நிலாவுக்கு மேலே இருப்பார்களாம், ஓவர் தி மூன். இல்லாவிட்டால் ஒன்பதாவது மேகத்தில் இருப்பார்களாம், கிளவுட் நைன். நீங்கள் கையைத் தூக்கி, "மொத எட்டு மேகத்துல இன்னா இருக்குது சார்?" என்று கேட்டீர்கள். சார் சிரித்துக்கொண்டே அடுத்த தொடருக்குப் போய்விட்டார். பதற்றம் என்றால் வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறக்கும் என்றார். எங்களுக்கெல்லாம் அங்கே புளியைத்தான் கரைக்கும் என்றீர்கள். அவர் அதைப் பலகையில் எழுதிப் போட்டார்.

அதற்குப் பிறகு நம் வீட்டில் யாரும் தப்ப முடியவில்லை. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் நேரத்தில் கரண்ட் வந்தால் ஓவர் தி மூன். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் கிளவுட் நைன். அபி தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரித்துக்கொண்டே உங்களுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நீங்கள் எதிர்பார்த்ததும் அதைத்தானே?

காய்ச்சல் என்று படுத்தீர்கள். பதினோரு நாள். அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து அபி இரண்டாவது முறை தேர்வுக்குப் போனாள். முன்பே பதிவு செய்த தேதி. மறுபடியும் பேச்சில்தான் தவறினாள். இனி எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து மலைமேலேயே தங்கிவிட்டாள். நான் விடவில்லை அக்கா. சாயங்காலமானால் அவளே சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு வந்து எனக்குப் போன் போட வேண்டும், இருவரும் அரைமணி நேரம் இங்கிலீஷில் பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்தினேன். என் இங்கிலீஷ் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். அவள் திருத்தித் திருத்தியே தேறினாள் என்று நினைக்கிறேன். மூன்றாவது முறைக்கு அவளாகவேதான் பதிவு செய்தாள். இதுவும் போனால் அவளுக்கு வேலை தருவதாகச் சொன்ன வெளிநாட்டு ஆஸ்பத்திரி காத்திருக்காது.

நேற்று மூக்குக் கண்ணாடிக்குக் காம்பு மாற்ற கள்ளக்குறிச்சி போயிருந்தேன். அபியின் மெயில் என் போனிலும் வரும். டிங் என்றது. கண்ணாடி கடைக்காரர் கையில் இருக்கிறது, எனக்கு எழுத்து தெரியவில்லை. கடையில் வேலை செய்யும் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் நிதானமாகப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் ஏழுக்கு மேல இருக்குதுங்க. பேச்சுல ஏழரை" என்றாள். ஏழரை என்று கேட்டு ஒரு மனுஷி சந்தோஷப்பட்டது உலகத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. சாயங்காலம் வரை என்னால் பொறுக்க முடியுமா? கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறிவிட்டேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஏற, ஒவ்வொரு வளைவிலும் ஓர் ஆங்கில வாக்கியத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். நீங்கள் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட வேண்டும் என்று.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் அபி குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்ததும் வாக்கியமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"ஏழரை, அபி" என்றேன்.

கையிலிருந்ததை ட்ரேயில் வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். வரிசையில் இருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு பெரியவர் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மடியில் பிள்ளையோடு இருந்த ஒரு பெண் மெதுவாக, "யாரும்மா தவறிட்டாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லம்மா. பரீட்சைல பாஸாயிட்டா."

"பாஸானதுக்கா இந்த அழுவ?" என்றாள். பிறகு அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஊசி எல்லாம் போட்டு முடித்தபிறகுதான் அபி என்னிடம் அதைச் சொன்னாள். இரண்டாவது முறை தேர்வில், உன்னை மகிழ்ச்சியாக வைத்திருக்கும் ஒருவரைப் பற்றிப் பேசு என்று கேட்டார்களாம். நீங்கள் போய் ஒரு மாதம். இரண்டு நிமிடமும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாளாம். இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. இந்த முறை, உன்னைச் சிரிக்க வைக்கும் ஒருவரைப் பற்றிச் சொல் என்றார்களாம். நீங்கள் சாரிடம் கேட்ட அந்த எட்டு மேகத்தைச் சொல்லியிருக்கிறாள். கேள்வி கேட்டவர் சிரித்துவிட்டாராம்.

"ஆனா ஒரு தப்பு பண்ணிட்டேன் சித்தி" என்றாள். "அம்மாவப் பத்தி பூராவும் 'இஸ்'னே பேசிட்டேன். 'வாஸ்'னு வாயில வரவே இல்ல. மார்க்க கொறச்சிடுவாங்கன்னு பயந்துக்கினே இருந்தேன்."

அந்தத் தப்போடுதான் ஏழரை, அக்கா.

ஊருக்கு வந்து அபியின் அப்பாவிடம் சொன்னோம். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர், சட்டையை மாட்டிக்கொண்டு தெரு முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்த்தீர்களா?

உங்களிடம் சொல்லாத ஒன்று எனக்கும் இருக்கிறது. நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் வகுப்பில் துக்கத்தைச் சொல்லும் தொடர்கள் நடத்தினார்கள். நான் போகவில்லை. அதன்பிறகு அந்த மாடிப் படியே ஏறவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதே பாடத்தை நடத்துகிறாராம் சார். போகிறேன் அக்கா. முன்வரிசையிலேயே உட்காருகிறேன். உங்களை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் அபி சொன்ன மாதிரி 'இஸ்' போட்டுத்தான் சொல்வேன். சார் எத்தனை தடவை திருத்தினாலும் மாற்ற மாட்டேன்.

உங்களோடு ஒரே வீட்டுக்கு வாழ வந்த,
உங்கள் ஓரகத்தி
வளர்மதி